அறிவியல் கேள்வி–பதில்: தங்க அணுக்கரு மோதலில் பிறந்த சுழி

சென்ற இதழில் 'உலகிலேயே வேகமான சுழி' என்று நாலு வரிப் பெட்டிச் செய்தி ஒன்று எழுதியிருந்தேன். அமெரிக்காவில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு, அதில் பிறக்கும் திரவத்தின் சுழற்சியை அளந்த செய்தி அது. நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை என்று உங்கள் கடிதங்கள் காட்டிவிட்டன. அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை இதற்கே பதில் எழுதுகிறேன். பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு அளவீடு சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். இந்த நூற்றாண்டின் அளவீடுகளில் என் மனதைப் பிடித்துக்கொண்டது இதுதான்.

கண்ணுக்கே தெரியாத, பிறந்ததும் மறைந்துவிடுகிற திரவம் சுழன்றது என்று எப்படித் தெரியும்? யாராவது பார்த்தார்களா?
– பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்

யாரும் பார்க்கவில்லை தாயி. பார்க்கவும் முடியாது. அந்தத் திரவத்திலிருந்து வெளியே வந்த துகள்களிடம் சாட்சி கேட்டார்கள்.

முதலில் ஓடுகிற தண்ணீரில் சுழற்சி எங்கே இருக்கிறது என்று கையால் செய்து பார். வாரியலில் இரண்டு ஈர்க்குச்சி உருவி, சின்ன வாழைமட்டைத் துண்டு ஒன்றில் கூட்டல் குறி போலக் குத்து. பெரியவர் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் வாய்க்காலில் சீராகத் தண்ணீர் போகிற இடத்தில் நடுவே விடு. திரும்பாமல் நேராகப் போகும். அப்புறம் கரையை ஒட்டி விடு. போய்க்கொண்டே தன்னைத்தானே சுற்றும். கரைப்பக்கம் தண்ணீர் மெதுவாகவும் நடுப்பக்கம் வேகமாகவும் போவதால் ஒரு கைக்குச்சி முந்துகிறது, இன்னொன்று பிந்துகிறது. தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கரை ஓரத்தில் கடிகார முள் சுற்றுகிற பக்கமாகவும், இடக்கரை ஓரத்தில் எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். கவனி, அங்கே கண்ணுக்குத் தெரிகிற சுழி எதுவும் இல்லை. நேராக ஓடுகிற தண்ணீரிலேயே, வேகம் இடத்துக்கு இடம் மாறினால் சுழற்சி ஒளிந்திருக்கும்.

இப்போது நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்கு வா. அங்கே 3.8 கிலோமீட்டர் சுற்றளவில் 'ரிக்' என்ற இரட்டை வளையம். அதில் எதிரெதிர்த் திசையில் வந்த தங்க அணுக்கருக்கள் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் மோதின. பெரும்பாலும் நடுவோடு நடு மோதுவதில்லை, சற்று விலகித்தான் மோதும். அப்போது மேல் பாதி ஒரு பக்கமும் கீழ் பாதி எதிர்ப்பக்கமும் இழுக்கும். இடையில் உருவாகும் திரவத்தின் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா: புரோட்டான், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கட்டவிழ்ந்து கலந்தது. வாய்க்கால் ஓரத்தில் உன் ஈர்க்குச்சிக்கு நேர்ந்ததுதான் அங்கேயும் நேர்கிறது. ஆனால் அந்தத் திரவத்தின் ஆயுள் மிகச் சின்னது. ஒரு வினாடியைக் கோடி கோடி கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாக்கினால் கிடைப்பதில் ஒரு சில துணுக்குகள். அதற்குள் எந்தக் குச்சியை மிதக்கவிடுவது?

துகள்களுக்கு ஸ்பின் என்று ஒன்று உண்டு. பிறவியிலேயே அவற்றோடு இருக்கும் கோண உந்தம் அது. திரவம் சுழன்றால் அதில் பிறக்கும் துகள்களின் ஸ்பின்னும் அந்தச் சுழற்சியின் அச்சுப் பக்கம் கொஞ்சம் சாய வேண்டும் என்று 2005இல் லியாங், வாங் என்ற இரு இயற்பியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். சரி, ஒரு துகளின் ஸ்பின் எந்தப் பக்கம் இருந்தது என்று எப்படிப் படிப்பது? இங்கேதான் லாம்டா என்ற துகள் வருகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை, அதனால் கருவியில் தடம் விழாது. சில சென்டிமீட்டர் போய் உடைந்துவிடும், பெரும்பாலும் ஒரு புரோட்டானாகவும் பையான் என்ற லேசான துகளாகவும். 'ஸ்டார்' என்ற கருவிக்குள் 4 மீட்டர் நீள வாயு அறை ஒன்று இருக்கிறது. அதில் அந்த இரண்டின் தடங்களும் விரிந்து போகும். அந்த இரண்டையும் பின்னோக்கி நீட்டினால் லாம்டா உடைந்த இடம் கிடைக்கும்.

இதில் இயற்கை தந்திருக்கும் சலுகை ஒன்று உண்டு. லாம்டா உடையும்போது புரோட்டான் அதன் ஸ்பின் இருந்த பக்கமே அதிகம் போகும். எல்லா லாம்டாக்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், 100 புரோட்டானில் ஏறத்தாழ 68 அந்தப் பக்கத்து அரைக்கோளத்தில் இருக்கும். ஆனால் உண்மையில் சாய்வு 100க்கு 2 என்ற அளவில்தான். அப்போது 10,000 லாம்டாவை எண்ணினால் சுமார் 5,037 ஒரு பக்கம், 4,963 மறுபக்கம். 10,000 எண்ணிக்கையில் தற்செயலாகவே 50 அளவுக்குக் கூடும் குறையும். ஆகவே 37 என்ற வித்தியாசத்தை யாரும் நம்ப மாட்டார்கள். லட்சக்கணக்கில் எண்ணினால்தான் அது தற்செயலிலிருந்து தலைதூக்கும். அதோடு ஒவ்வொரு மோதலிலும் சுழற்சி அச்சு எந்தப் பக்கம் என்பதும் தெரிய வேண்டும். மோதாமல் தப்பிப்போன அணுக்கருத் துண்டுகள் எந்தப் பக்கம் விலகின என்று பார்த்து அதை ஊகிக்கிறார்கள்.

2007இல் ஸ்டார் கருவியில் வேலை செய்யும் குழு தேடிப்பார்த்து, ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் சாய்வு 2 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்று எழுதியது. அதோடு விட்டுவிடாமல் ஆற்றலைக் குறைத்து மறுபடி எண்ணினார்கள். 2017இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. சுழற்சி அளவு வினாடிக்கு சுமார் 9 கோடி கோடி கோடி. டொர்னாடோ என்ற சுழல்காற்றின் மையத்தில் இதே அளவு வினாடிக்கு 0.1தான். அதற்கு முன் திரவத்தில் கண்ட பெரிய சுழற்சி நுண்ணிய ஹீலியத் துளிகளில், அது வினாடிக்கு 1 கோடி.

இதில் நான் வியந்து நிற்கிற இடம் வேறு. இத்தனை வேகத்திலும் அந்தத் திரவம் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. ஆயுள் அவ்வளவு குறைவு. சுமார் 15 டிகிரி திரும்புவதற்குள் ஆறிச் சிதறிவிடுகிறது. அந்தக் கால் திருப்பம்கூட இல்லாத அசைவைத்தான் லாம்டாக்கள் வெளியே கொண்டுவந்து சொல்லியிருக்கின்றன.

நகைப் பட்டறையில் பொடித் தங்கத்தைக்கூடக் கூட்டி எடுத்து உருக்குகிறோம். அங்கே தங்கத்தை ஏன் இப்படி உடைக்கிறார்கள்?
– திருநெல்வேலி டவுண் வாசகர்

அண்ணாச்சி, உங்கள் பட்டறையில் ஒரு நாளில் சிந்துவதைவிட அங்கே செலவாவது மிகக் குறைவு. வளையங்களை ஒரு முறை நிரப்ப ஆகும் தங்கம் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. தங்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் கரு பெரியது: 79 புரோட்டான், 118 நியூட்ரான். இயற்கையில் கிடைக்கும் தங்கம் முழுக்க ஒரே வகைக் கரு, கலப்பு இல்லை. 1,064 டிகிரியில் நீங்கள் உருக்குகிற அதே பொருள் அங்கே பல லட்சம் கோடி டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் தங்கம் என்ற அடையாளமே போய்விடும். புரோட்டானும் நியூட்ரானும்கூடக் கரைந்து குவார்க்குகள் ஆகிவிடும்.

ஆயிரக்கணக்கில் துகள்கள் சிதறினால் அதைத் திரவம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பொதுப்பணித் துறையில் கன்னடியன் கால்வாயோடும் கியூசெக் கணக்கோடும் வாழ்ந்தவன் என்பதால் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற பொறியாளர், கல்லிடைக்குறிச்சி

உங்கள் சந்தேகம் நியாயமானது. 2000இல் ரிக் ஓடத் தொடங்குவதற்கு முன் பெரும்பாலானோர் எதிர்பார்த்தது வாயுவைத்தான். துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. விலகி மோதும்போது இரு கருக்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற பகுதி பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். அதன் குறுக்குப் பக்கத்தில் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, நெடுக்குப் பக்கத்தில் மெதுவாக இறங்குகிறது. அழுத்தச் சரிவு அதிகமான பக்கம் அதிக வேகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துகள்கள் அந்தக் குறுக்குப் பக்கமாகவே அதிகம் வந்தன. நீங்கள் மதகடியில் போடுகிற அதே பாய்ம இயக்கக் கணக்கு, சார்பியல் திருத்தத்தோடு, அங்கே பொருந்தியது. 2005இல் அந்த ஆய்வகம் இதை ஏறத்தாழப் பழுதில்லாத திரவம் என்று அறிவித்தது.

பாகுநிலையைப் பற்றி ஒரு நுட்பம், இது உங்களுக்குப் பிடிக்கும். தனி எண்ணாகப் பார்த்தால் அந்தத் திரவத்தின் பாகுநிலை தாரைவிடப் பெரியது. ஆனால் அதன் அடர்த்தியும் சூடும் அதைவிடப் பெரியவை. பாகுநிலையை என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் ஓட்டம் எவ்வளவு தடையின்றி நடக்கும் என்று காட்டும். அந்த விகிதம் தண்ணீருக்கு இருப்பதைவிடப் பல மடங்கு குறைவு, நாம் அறிந்த திரவங்களிலேயே மிகக் குறைவு. அந்த விகிதம் குறைவாக இருந்ததால்தான் மோதலில் கிடைத்த சுழற்சி உடனே மங்காமல் லாம்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் ஸ்பின் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றா?
– ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன், பாளையங்கோட்டை

ஸ்பின் ஒன்றுதான், சாய வைப்பதுதான் வேறு. உங்கள் இயந்திரத்தில் காந்தப்புலம் சாய வைக்கிறது. புரூக்ஹேவனில் திரவத்தின் சுழற்சி சாய வைக்கிறது.

கணக்கும் ஒன்றே என்பதுதான் இதில் அழகு. சாய்ந்து இருந்தால் கிடைக்கும் ஆற்றல் லாபத்தை, வெப்பம் கலைக்கும் ஆற்றலின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் 1.5 டெஸ்லா இயந்திரத்தில், உடல் சூட்டில், இந்த விடை பத்து லட்சத்துக்கு 5 என்ற அளவுதான் வரும். எதிரெதிராக நிற்கிற புரோட்டான்களைக் கழித்துவிட்டால் பத்து லட்சத்தில் மிஞ்சுவது வெறும் 5. உடலில் ஹைட்ரஜன் ஏராளம் என்பதால் அந்த ஐந்தை வைத்தே மூட்டு சவ்வுக் கிழிசல்வரை படம் எடுத்துவிடுகிறீர்கள். புரூக்ஹேவனில் வெப்பம் கலைக்கும் ஆற்றல் சுமார் 160 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், சுழற்சி தரும் லாபம் சுமார் 6. ஆறை 320ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2 சதவீதம். சூரியன் நடுவைவிட ஒரு லட்சம் மடங்கு சூட்டில், நம் ஸ்கேன் அறையில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு ஒழுங்கு!

காந்த ஆய்வகங்களில் புரோட்டான் காந்தமானி என்று ஒரு கருவி உண்டு, அதுவும் இந்த ஸ்பின்னை வைத்துத்தான் வேலை செய்கிறது. நம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது பலருக்குத் தெரியாது. சிற்பம் பார்க்கக் கோயிலுக்குப் போகிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளலாம். புவிக் காந்த நடுக்கோடு நம் பக்கத்தில் போவதால் அந்த இடம். நம் ஊர் மண்ணின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. அதில் தண்ணீரிலுள்ள புரோட்டான் வினாடிக்கு சுமார் 1,700 முறை அச்சு சுற்றும்.

இது கூடங்குளத்தில் நடப்பது போன்றதுதானா? ஆபத்து இல்லையா?
– வள்ளியூர் வாசகி

இல்லை அம்மா, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. கூடங்குளத்தில் யுரேனியம் பிளந்து, அந்தப் பிளவு அடுத்த பிளவைத் தூண்டி, தொடர்ந்து வெப்பம் வருகிறது. தங்க மோதலில் தொடர்வினையே கிடையாது. ரிக்கின் உச்ச ஆற்றலில் ஒரு மோதலின் மொத்த ஆற்றல் ஒரு ஜூலில் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. சூடு பயங்கரம்தான், ஆனால் அது ஒரு அணுக்கரு அளவு இடத்தில் மட்டும்.

மழை பொய்த்தால் பிசான நெல் சாகுபடி போச்சு என்று நிற்கிற எங்களுக்கு இதனால் என்ன பிரயோஜனம்?
– விவசாயி, சேரன்மகாதேவி

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மோதலால் உங்கள் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. வரும் என்று எழுதினால் அது பொய். பிரபஞ்சம் பிறந்து சில மைக்ரோ வினாடி வரை எல்லாப் பொருளும் இந்தத் திரவமாகத்தான் இருந்தது. உங்கள் வயல் மண்ணும் நெல்மணியும் அதிலிருந்து ஆறி வந்தவை. அது எப்படி ஓடியது என்று அறிவதே எனக்குப் போதுமான காரணம்.

சுழற்சியும் ஸ்பின்னும் ஒன்றையொன்று மாற்றும் என்பது பழைய விஷயம்கூட. 1915இல் பார்னெட் என்பவர் இரும்பு உருளையைச் சுழற்றியே அதைக் காந்தமாக்கினார். அதே ஆண்டு ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் காந்தத்தை மாற்றி உருளையைத் திருப்பிக் காட்டினார்கள். 2016இல் ஜப்பானில் பாதரசத்தை மெல்லிய குழாயில் ஓடவிட்டு, குழாய்ச் சுவரோரச் சுழற்சி எலக்ட்ரான் ஸ்பின்னைத் தள்ளுவதால் பிறக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அளந்தார்கள். இந்த வழியில் நாளை ஒரு கருவி வரலாம். அதற்காக மட்டும் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

எம்.எஸ்ஸி. படிக்கிறேன். எல்லாம் அளந்துவிட்டார்கள் என்றால் எங்களுக்கு என்ன மிச்சம்? புராஜெக்ட்டுக்கு இதை எடுக்கலாமா?
– மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, எடு. மிச்சம் நிறைய இருக்கிறது, அதில் சில இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு விநோதம். மோதல் ஆற்றல் கூடக் கூடக் கோண உந்தம் கூடும், சாய்வும் கூட வேண்டும் என்றுதானே தோன்றும்? தலைகீழாக இருக்கிறது. 200 ஜி.இ.வி.யில் (ஒரு ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) சாய்வு 0.3 சதவீதத்தை ஒட்டி, 7.7இல் 2 சதவீதத்தை ஒட்டி, 2021இல் வந்த 3 ஜி.இ.வி. அளவீட்டில் 5 சதவீதத்தை ஒட்டி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் குழு ஆயிரக்கணக்கான ஜி.இ.வி. ஆற்றலில் தேடியபோது பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆற்றல் அதிகமானால் கருக்கள் ஒன்றை ஒன்று ஊடுருவிப் போய்விடுகின்றன. கோண உந்தத்தின் பெரும்பங்கு அவற்றோடு போய்விட, நாம் பார்க்கிற நடுப்பகுதியில் வேக வித்தியாசம் கொஞ்சமே மிஞ்சுகிறது.

அடுத்தது குறிச் சிக்கல். இதற்கு நேரம் செலவழி. திரவம் குறுக்குப் பக்கமாக அதிகம் விரிவதால், கருக்கள் பாய்ந்து வரும் கற்றைத் திசையை அச்சாகக் கொண்டும் சின்னச் சுழற்சிகள் நான்கு கால்பகுதிகளில் மாறி மாறி உண்டாக வேண்டும். லாம்டாவின் ஸ்பின்னும் கற்றைத் திசையில் அப்படியே மாறி மாறிச் சாய வேண்டும். 2019இல் ஸ்டார் குழு அளந்தது. மாறி மாறிச் சாய்வது உண்மை. ஆனால் பாய்ம இயக்கக் கணக்கு கூட்டல் என்ற இடத்தில் அளவீடு கழித்தல் என்றது. மொத்தச் சுழற்சியை அவ்வளவு அழகாகச் சொன்ன அதே கணக்கு, இதில் குறியையே தவறவிட்டது. 2021இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு விடுபட்ட உறுப்பைக் காட்டின: திரவம் சுழல்வது மட்டுமல்ல, அது இழுபட்டு உருமாறுவதும் ஸ்பின்னைச் சாய வைக்கும். அதைச் சேர்த்தால் குறி சரியாகிறது. ஆனால் எல்லா அனுமானங்களிலும் இல்லை. திரவம் உறைந்து துகளாகும் கணத்தை எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆகவே வழக்கு முடிந்தது என்று நான் எழுத மாட்டேன்.

இன்னும் ஆழமாகப் போனால், ஸ்பின்னையே திரவத்தின் ஒரு மாறியாகச் சேர்க்கும் கணக்கு இருக்கிறது. வெப்பநிலை, வேகம் போல ஸ்பின்னுக்கும் தனிச் சமன்பாடு. 2018இல் ஃப்ளோர்கோவ்ஸ்கி, ஃப்ரிமான், ஜெய்ஸ்வால், ஸ்பெரான்சா நால்வரும் எழுதிய கட்டுரையில் தொடங்கு. அவர்களில் அமரேஷ் ஜெய்ஸ்வால் புவனேஸ்வரில் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி நிறுவனத்தில் இருக்கிறார். ஸ்டார் கருவியின் ஃபோட்டான் உணரியைக் கொல்கத்தாவின் வி.இ.சி.சி. (சைக்ளோட்ரான் மையம்) உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள்தான் செய்துகொடுத்தன. ஆகவே இது எட்டாத தூரத்து வேலை இல்லை.

லாம்டாவோடு நிற்காதே. 2023இல் ஃபை என்ற மேசானின் (குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) ஸ்பின் ஒழுங்கை ஸ்டார் குழு வெளியிட்டது. அதன் ஸ்பின்னுக்கு மூன்று நிலைகள்; ஒழுங்கு இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும், ஆனால் நடு நிலையின் பங்கு அதைத் தாண்டி இருந்தது. சுழற்சியைக் கொண்டு விளக்க முடியாத அளவு பெரிய விலகல். கே-ஸ்டார் என்ற இன்னொரு மேசானில் அந்த விலகல் தெரியவில்லை. குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் புலம் திரவத்துக்குள் இடத்துக்கு இடம் ஏறி இறங்குவது காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் ஓடுகிறது.

புராஜெக்ட்டுக்குச் சின்னதாகத் தொடங்கு. லாம்டா சிதைவில் புரோட்டான் சாயும் எண்ணை நெடுங்காலம் 0.642 என்று வைத்திருந்தார்கள். 2019இல் சீனாவின் பெஸ்-3 குழு 0.750 என்று அளந்தது. அந்த எண் மாறினால் பழைய சாய்வு மதிப்புகள் எல்லாம் எவ்வளவு குறையும், அதிலிருந்து கிடைக்கும் சுழற்சி எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடு. கணினியில் 10,000 லாம்டாவை உடைத்து எண்ணிப் பார், பிறகு பத்து லட்சம். எந்த எண்ணிக்கையில் 2 சதவீதம் தலைகாட்டுகிறது என்று உன் கண்ணாலேயே தெரியும். வரைபடத்தோடு இதழின் முகவரிக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.